பள்ளிக்கரணைக்கு எல்லை எது? ‘தாக்க மண்டலம்’ பற்றிய ஒரு விளக்கம்

சென்னையின் தெற்கே உள்ள பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ராம்சார் எல்லைக்குள்ளும் (ராம்சார் என்பது ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கை), அந்த எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவு வரையிலும் கட்டுமானங்களுக்கு அனுமதி வழங்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. சதுப்பு நிலத்தின் ‘தாக்க மண்டலம்’, அதாவது எங்கே நடக்கும் பணிகள் சதுப்பைக் கெடுக்குமோ அந்தப் பகுதி, அறிவியல் முறைப்படி வரையறுக்கப்படும் வரைக்குமான இடைக்கால ஏற்பாடு அது. அன்றிலிருந்து வேளச்சேரி, பெரும்பாக்கம், துரைப்பாக்கம், மேடவாக்கம் பகுதிகளில் வீடு வாங்கியவர்களும் வாங்கக் காத்திருப்பவர்களும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். பட்டா இருக்கிறது, சதுப்பு நிலம் கண்ணுக்கெட்டும் தூரத்தில்கூட இல்லை, அப்படியிருக்க இந்த மனைக்கும் அந்தச் சதுப்புக்கும் என்ன சம்பந்தம்?

நியாயமான கேள்வி. இதற்கு விடை காண, சட்டப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன், தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பார்த்தால், ஒரு கிலோமீட்டர் என்பது ஓர் அவசர அளவு மட்டுமே என்பதும், உண்மையான எல்லை சில திசைகளில் அதைவிட மிக நீண்டது என்பதும், அந்த எல்லைக்குள் கட்டலாமா கூடாதா என்பதற்கு இணையாக எப்படிக் கட்டுவது என்பதும் முக்கியம் என்பதும் தெரியவரும்.

சதுப்பு நிலம் என்ன வேலை செய்கிறது

பள்ளிக்கரணை போன்ற நிலத்துக்குத் தமிழில் பழைய பெயர் கழுவெளி. ஏரிக்குக் கரை உண்டு. கழுவெளிக்குக் கரை கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் அது விரிந்து பரவும், சித்திரை, வைகாசியில் சுருங்கி ஆங்காங்கே குட்டைகளாக நிற்கும். கோடையில் சங்கிலி பிடித்து அளந்தவர் போடும் எல்லையும், அடைமழைக் காலத்தில் அளந்தவர் போடும் எல்லையும் ஒன்றாக இருக்க முடியாது. இன்றைய வழக்குகளில் பாதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்த நிலம் செய்யும் வேலைகள் நான்கு.

1. மேட்டிலிருந்து ஒரேயடியாக இறங்கும் வெள்ளத்தை வாங்கி, பல நாட்கள் நிறுத்தி, மெல்ல மெல்லக் கடலுக்கு விடுகிறது. ஒரு ஹெக்டேர் சதுப்பில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு கோடி லிட்டர். அந்த ஒரு ஹெக்டேரில் மண் கொட்டி மேடாக்கினால் ஒரு கோடி லிட்டர் தண்ணீர் மறைந்துவிடுவதில்லை, பக்கத்துத் தெருவுக்குப் போகிறது.

2. நிற்கும் நீர் சுற்றுவட்டாரத்தின் நிலத்தடி நீருக்குத் துணை நிற்கிறது. கடலோர மணற்பரப்பில் நன்னீரின் மட்டம் தாழ்ந்தால், உப்பு நீர் உள்ளே ஏறுகிறது.

3. கோரையும் சம்பும் அடர்ந்த பகுதியில் நீரின் வேகம் தணிந்து வண்டல் படிகிறது, அழுக்கின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. ஓரளவுக்குத்தான், சாக்கடையை முழுவதுமாகத் திருப்பிவிட்டால் எந்தச் சதுப்பும் தாங்காது.

4. பூநாரை, கூழைக்கடா, நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி என நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்களுக்கும், மீனுக்கும் தவளைக்கும் அது இருப்பிடம்.

1960களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகக் கணிக்கப்படும் இந்த நிலம் சுருங்கியதற்குத் தனியார் ஆக்கிரமிப்பு மட்டும் காரணம் அல்ல. வரி வராத நிலத்தைத் தரிசு என்று எழுதிவைத்த வருவாய்த்துறைப் பழக்கம் வெள்ளையர் காலத்தில் தொடங்கி விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. தரிசு என்று ஏட்டில் இருந்ததால், இடம் தேவைப்பட்ட ஒவ்வோர் அரசுத் துறையும் இங்கே வந்தது. பெருங்குடி குப்பைக் கிடங்கு வந்தது, பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் இருநூறடிச் சாலை சதுப்பின் நடுவே போனது, ஆராய்ச்சி நிறுவனங்களும் பறக்கும் ரயில் பாதையும் வந்தன, பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி மென்பொருள் அலுவலகங்கள் எழுந்தன. எல்லாம் முறையான அரசாணையோடு நடந்தவை என்பதுதான் வருத்தம் தரும் செய்தி.

மேட்டில் இருக்கும் ஏரிகள்

பள்ளிக்கரணைக்குத் தண்ணீர் வானத்திலிருந்து நேராக விழுவது குறைவு. சுமார் 250 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பில் பெய்யும் மழை, முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் வழியாக இறங்கி அங்கே வந்து சேர்கிறது. ஒரு பகுதியில் எங்கே மழை விழுந்தாலும் அது ஒரே இடத்தை நோக்கி ஓடுமானால், அந்த முழுப் பகுதிக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று பெயர்.

இந்த ஏரிகள் தனித்தனியாக வெட்டப்பட்டவை அல்ல. சேம்பாக்கம் ஏரி நிறைந்தால் நன்மங்கலத்துக்கும், அங்கிருந்து கீழ்க்கட்டளைக்கும், பின் நாராயணபுரத்துக்கும், கடைசியாகப் பள்ளிக்கரணைக்கும் போகும்படி சங்கிலியாக அமைந்தவை. ஒவ்வோர் ஏரியிலும் மூன்று உறுப்புகளைக் கவனிக்க வேண்டும். தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்கால், பாசனத்துக்குத் திறந்துவிடும் மதகு, நிறைந்ததும் உபரியை வெளியேற்றும் கலங்கல்.

கலங்கலைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். பழைய ஏரிகளில் அது கரையின் ஓரிடத்தில் தாழ்வாகக் கட்டிய கல் மேடை; அதன் மேல் இடைவெளி விட்டு நட்ட குத்துக்கற்கள் நிற்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில் உழவர்கள் அந்தக் கற்களுக்கிடையே புல்லும் களிமண்ணும் வைத்து அடைத்து, இன்னும் ஓரடித் தண்ணீரைத் தேக்கிக்கொள்வார்கள். மறுபடி பெருமழை வந்தால் அடைப்பை எடுத்துவிடுவார்கள். எவ்வளவு நிறுத்துவது, எப்போது விடுவது என்பதை ஊரே முடிவு செய்த ஏற்பாடு அது. இன்று பல கலங்கல்களின் கீழே உபரிநீர் போக வேண்டிய கால்வாய், மூன்றடி அகலச் சிமென்ட் வடிகாலாகக் குறுகி, இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கிடையே நுழைகிறது. பாசனம் போன பிறகு ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஏரிக்குக் கீழே இருந்த ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாய்ந்த வயற்பரப்பு, முழுவதும் மனைகளாகிவிட்டது.

பள்ளிக்கரணையிலிருந்து வெளியேறும் வழியோ இன்னும் நெருக்கடியானது. நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, தெற்கே முட்டுக்காடு, கோவளம் முகத்துவாரத்தில்தான் கடலைத் தொட வேண்டும். நிலம் கடல் மட்டத்தை ஒட்டியே இருப்பதால், கடல் மட்டம் உயரும் ஓத நேரத்தில் கடலே நீரைத் தள்ளி நிறுத்தும். நீர் வடியாத அந்த நேரத்தில் அது எங்கே நிற்கும் என்ற கேள்விக்கு நிலம் கண்டுவைத்திருந்த விடைதான் கழுவெளி.

ஒரு எளிய கணக்கு

இந்த 250 சதுர கிலோமீட்டரில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னைக்கு அது அரிய மழை அல்ல. விழும் மொத்த நீர் இரண்டரைக் கோடி கன மீட்டர், அதாவது சுமார் 88 கோடி கன அடி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவான 364.5 கோடி கன அடியில் ஏறக்குறைய கால்பங்கு.

விழுவது எல்லாம் ஓடுவதில்லை. எவ்வளவு ஓடும் என்பதை நிலத்தின் மேற்பரப்பு தீர்மானிக்கிறது. புல்லும் மரமும் வயலும் இருக்கும் நிலத்தில் பாதி மண்ணிலும் குட்டைகளிலும் தங்கிவிடுகிறது என்று கொண்டால், 44 கோடி கன அடி கீழே வரும். அதே நிலம் கூரையும் தார்ச்சாலையும் சிமென்ட் தரையுமாக மாறி, பத்தில் எட்டுப் பங்கு ஓடுமானால், 70 கோடி கன அடி வரும். கூடுதலாக வரும் 26 கோடி கன அடி ஒரு பக்கம்; அது வந்து சேரும் வேகம் இன்னொரு பக்கம். முன்பு இரண்டு மூன்று நாட்களில் இறங்கிய நீர், இப்போது சில மணி நேரங்களில் இறங்குகிறது. வாங்கி நிறுத்த வேண்டிய சதுப்போ சுருங்கிப்போயிருக்கிறது. வரத்து கூடியதும், கொள்ளளவு குறைந்ததும், வெளியேறும் வாய் அடைபட்டதும் சேர்ந்துதான் வேளச்சேரியில் படகு விட நேர்கிறது.

10 சென்டிமீட்டருக்கே இந்தக் கணக்கு. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மழைக்குப் பின் நான்காவது ஆண்டிலேயே, 2019 கோடையில், நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் ஊர் இது; அதில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு வடகிழக்குப் பருவமழையில் மட்டும் கொட்டிவிடுகிறது. வெள்ளமும் வறட்சியும் இரண்டு வெவ்வேறு நோய்கள் அல்ல. மூன்று மாத மழையைப் பன்னிரண்டு மாதத்துக்கு நிறுத்திவைக்கும் இடங்களை இழந்ததன் இரண்டு முகங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

ஈரநிலங்களைக் காக்க 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் உருவான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1982இல் சேர்ந்தது. அதன் பட்டியலில் பள்ளிக்கரணை 2022இல் இடம்பெற்றது; பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். இதற்கு முன்பே, 2007இல், சதுப்பின் ஒரு பகுதி காப்புக் காடாக அறிவிக்கப்பட்டிருந்தது. ராம்சார் எல்லைக்குள் வரும் நிலம் முழுவதும் காப்புக் காடு அல்ல. சர்ச்சைகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் எழுகின்றன.

உள்நாட்டில் இதை நடைமுறைப்படுத்துவது ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள், 2017. இதில் மூன்று செய்திகள் நமக்கு முக்கியம்.

1. ஈரநிலத்துக்குள் ஆக்கிரமிப்பு, நிலப் பயன்பாட்டு மாற்றம், குப்பை கொட்டுதல் ஆகியவற்றுக்குத் தடை. கடந்த பத்தாண்டுகளின் சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத்துறை நீங்கலாக, நிரந்தரக் கட்டுமானம் கூடாது.

2. நீர்ப்பிடிப்புப் பகுதியின் எந்தப் பாகத்தில் நடக்கும் வளர்ச்சிப் பணிகள் ஈரநிலத்தின் அமைப்புக்கும் அது தரும் பயன்களுக்கும் கேடு விளைவிக்குமோ, அந்தப் பாகமே அதன் தாக்க மண்டலம். அங்கே எதை முற்றிலும் தடுப்பது, எதை நிபந்தனையோடு அனுமதிப்பது என்று பட்டியலிட வேண்டும். ஆகவே ‘தாக்க மண்டலம்’ என்றாலே முழுத் தடை என்று பொருள் கொள்ளத் தேவையில்லை.

3. ஆறுகளின் ஓடுபாதை, நெல்வயல் ஆகியவற்றோடு, பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகளும் இந்த விதிகளின்படி ஈரநிலம் ஆகாது.

மூன்றாவது செய்தியை இரண்டாம் முறை படிக்க வேண்டும். பள்ளிக்கரணைக்கு நீர் தரும் ஏரிகள் எல்லாமே பாசனத்துக்கு வெட்டியவை. உடலுக்குப் பாதுகாப்புத் தரும் விதி, நரம்புகளைத் தன் வரையறைக்கு வெளியே விட்டிருக்கிறது. ஏரிகளுக்கு 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது ஏரியின் பரப்பை ஏரியாகக் காக்கிறது, ஓர் ஏரியை அடுத்த ஏரியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. இந்த ஓட்டையை அடைக்கக் கையில் இருக்கும் ஒரே கருவி, தாக்க மண்டலத்தை நேர்மையாக வரைவதுதான்.

வட்டம் ஏன் போதாது

ஆய்வு முடியும்வரை கெடுதல் கூடாமல் இருக்க ஒரு கிலோமீட்டர் என்று ஒரு கோடு போட்டதில் தவறில்லை. அந்தக் கோடே நிரந்தரமாகிவிடுமோ என்பதுதான் அச்சம். தண்ணீர் வட்டமாக ஓடுவதில்லை. சதுப்பிலிருந்து எண்ணூறு மீட்டரில், நீர் வேறு திசையில் வடியும் ஒரு மேட்டு மனை, சதுப்பைப் பெரிதாகப் பாதிக்காமல் இருக்கலாம். எட்டுக் கிலோமீட்டருக்கு அப்பால், ஓர் ஏரியின் வரத்துக்கால் மேல் எழும் சுற்றுச்சுவர், சங்கிலியையே அறுத்துவிடலாம். முதல் மனைக்காரருக்குத் தடையும் இரண்டாமவருக்கு அனுமதியும் கிடைக்குமானால், அது நியாயமும் இல்லை, பயனும் இல்லை.

2008இல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாம் பெருந்திட்டம் (மாஸ்டர் பிளான்) பள்ளிக்கரணை சதுப்பையும், செங்குன்றம் நீர்ப்பிடிப்பையும், திருவான்மியூருக்குத் தெற்கே கடலோர நீர்ச் செறிவுப் பகுதியையும் கட்டுப்பாட்டுக்குரிய இடங்களாக ஏற்றுக்கொண்டது. நல்ல தொடக்கம்தான். ஆனால் நீரைப் பற்றிய கட்டுப்பாடு சர்வே எண் பட்டியலாக எழுதப்பட்டால், பட்டியலில் உள்ள எண்ணுக்குத் தடை, வேலிக்கு அந்தப் பக்கம் உள்ள எண்ணுக்குத் தாராளம் என்றுதான் முடியும். வேலிக்கு இரு பக்கமும் ஒரே பள்ளம்.

அப்படியானால் எப்படிக் கட்டுவது

இயற்கையை நகர வடிவமைப்பில் சேர்ப்பது என்றதும் பூங்காவும் நடைபாதை மரங்களும் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டும். ஆனால் இங்கே பொருள் அதைவிட அடிப்படையானது: நிலம் செய்துகொண்டிருந்த வேலையை, அதாவது உறிஞ்சுவது, நிறுத்துவது, மெல்ல விடுவது என்பதை, கட்டடம் வந்த பிறகும் அந்த இடம் தொடர்ந்து செய்யும்படி அமைப்பது. இது நான்கு அளவுகளில் நடக்க வேண்டும்.

1. மனை. மண் கொட்டி மனையை உயர்த்துவது இன்று எழுதாத விதியாகிவிட்டது. புதிய வீடு மூன்றடி ஏறுகிறது, அதற்கேற்பச் சாலை ஏறுகிறது, முப்பதாண்டுக்கு முன் கட்டிய வீட்டின் வாசற்படி சாலைக்குக் கீழே போகிறது. கட்டடத்தைத் தூண்களில் நிறுத்தி நிலத்தை அதன் மட்டத்திலேயே விடுவது ஒரு வழி. மழைநீர்ச் சேகரிப்பு 2003இலேயே தமிழகத்தில் கட்டாயமானது. தொட்டியில் வண்டல் அடைத்துக் கிடந்தால் கட்டாயத்தால் பயனில்லை. ஆண்டுதோறும் ஆடியில் தூர்வாருவதும் வடிவமைப்பின் பகுதிதான்.

2. தெரு. சாலையோர மரத்தின் அடியைப் பாருங்கள். தண்டை ஒட்டிச் சிமென்ட் பூசி, சுற்றிலும் கல் பதித்திருப்பார்கள். பத்தடி தள்ளி மழைநீர் வடிகாலுக்கு மூடி போட்டிருக்கும். மரத்துக்கு ஒரு சொட்டும் இறங்காது, சாலை நீர் அத்தனையும் வடிகாலுக்கு ஓடும். அதே இடத்தில் சாலை மட்டத்துக்கு ஓரடி தாழ்வாக மண்பாத்தி அமைத்து, அடியில் சரளையும் மணலும் இட்டு, கோரையும் வெட்டிவேரும் நட்டு, விளிம்புக் கல்லில் இடைவெளி விட்டால், சாலை நீர் முதலில் பாத்தியில் இறங்கி வடிகட்டப்படும். மிகுந்தது மட்டும் வடிகாலுக்குப் போகும். செலவு அதிகமில்லாத மாற்றம் இது. வேண்டியது, சாலை போடுபவரும் வடிகால் போடுபவரும் மரம் வைப்பவரும் ஒரே வரைபடத்தைப் பார்ப்பது.

3. மனைப்பிரிவு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் திட்டமிடுபவர் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும், ஓ.எஸ்.ஆர். நிலம் என்று சொல்வது இதைத்தான். இப்போது அது பெரும்பாலும் விற்க வசதியில்லாத மூலையில் அமைகிறது. அந்தப் பத்து விழுக்காடு மனைப்பிரிவின் மிகத் தாழ்ந்த இடத்தில், இருக்கும் கால்வாயை ஒட்டி, அடுத்த மனைப்பிரிவின் ஒதுக்கீட்டோடு சேரும்படி அமைய வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். புதிய நிலம் கையகப்படுத்தாமலேயே, இருபதாண்டில் ஏரிகளை இணைக்கும் பசுமை வழிகள் உருவாகிவிடும். இந்த நான்கில் உடனே செய்யத்தக்கது இதுவே.

4. நீர்ப்பிடிப்பு. ஏரிகளின் கலங்கல் மட்டம், உபரிநீர்க் கால்வாயின் அகலம், ஒக்கியம் மடுவின் வாய் ஆகிய மூன்றையும் ஒரே அமைப்பாகக் கணக்கிட்டு ஒரே பொறுப்பில் வைக்க வேண்டும்.

சிங்கப்பூர் இதற்கு அடிக்கடி காட்டப்படும் எடுத்துக்காட்டு. பீஷான்–அங் மோ கியோ பூங்காவை ஒட்டி 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேராக ஓடிய காலாங் ஆற்றின் கான்கிரீட் கால்வாயை உடைத்து, பூங்காவுக்குள் வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றி, 2012இல் திறந்தார்கள். சாதாரண நாளில் சிற்றோடை. பெருமழையில் 100 மீட்டர் அகலம் வரை நீர் பரவும், புல்வெளியே ஆறாகும். ஆனால் பக்கத்தில் பெரிய பூங்கா ஒன்று முன்பே இருந்ததால்தான் அது கூடிற்று, நிலமும் அரசினுடையது. அந்த வடிவத்தை அப்படியே பெயர்த்துவர நம்மிடம் இடமில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது, வெள்ளம் வரும் நாளில் நீர் நிற்பதற்கென்று ஒரு பொது இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைத்த மனத்தை.

இதனால் தீராதவை

மண்பாத்தியும் குளமும் எந்த மழையையும் விழுங்கிவிடும் என்று நம்பச் செய்வது தவறு. நீரை உறிஞ்சும் நகரமாக மாறும் பணியில் இறங்கியிருந்த சீன நகரமான செங்சோவில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் பெய்தது. சுரங்க ரயிலுக்குள் நீர் புகுந்து உயிர்கள் போயின. இத்தகைய அமைப்புகள் அடிக்கடி பெய்யும் மழைக்கு முழுப் பயனும், நூற்றாண்டு மழைக்கு ஓரளவு தணிப்பும் தருபவை. அந்தப் பெருமழைக்குக் கழுவெளி போன்ற விரிந்த பள்ளம், முன்னெச்சரிக்கை, மக்களை வெளியேற்றும் ஏற்பாடு ஆகிய மூன்றும் தேவை.

இரண்டாவது, யார் மீது சுமை விழுகிறது என்பது. கூவம், அடையாறு கரைகளில் குடிசையிட்டு வாழ்ந்தவர்களை, வெள்ள ஆபத்தைக் காரணம் காட்டி அகற்றி, பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் அடுக்கு வீடுகளில் குடியமர்த்தினார்கள். அந்த இடங்கள் இதே சதுப்பின் தாழ்நிலத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு பெருமழையிலும் அங்கே தரைத்தளம் முழுகுகிறது. ஓர் ஆற்றின் கரையைக் காக்க ஏழைகளை எழுப்பி ஒரு கழுவெளியின் வாயில் உட்காரவைப்பது சூழலியலும் அல்ல, திட்டமிடலும் அல்ல. தாக்க மண்டலம் வரையப்படும்போது, பெரிய வளாகத்துக்குச் சலுகையும் சிறிய வீட்டுக்கு இடிப்பாணையும் என்று முடிந்துவிடாமல் பார்க்க வேண்டிய கடமை இருக்கிறது.

இப்போது கவனிக்க வேண்டியவை

சென்னையின் மூன்றாம் பெருந்திட்டம் 2027 முதல் 2046 வரையிலான காலத்துக்குத் தயாராகி வருகிறது. தாக்க மண்டலத்தின் வரைபடமும் அந்தத் திட்டத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இல்லையென்றால், ஒரு துறை தடுத்ததை இன்னொரு துறை அனுமதிக்கும் இன்றைய நிலை அடுத்த இருபதாண்டுக்கும் நீளும். வரைவு வெளியாகிக் கருத்துக் கேட்கும்போது குடியிருப்போர் சங்கங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எங்கள் ஊர் ஏரியின் உபரிநீர் போகும் வழி வரைபடத்தில் கோடாக இருக்கிறதா, அந்தக் கோட்டுக்கு அகலம் குறிக்கப்பட்டிருக்கிறதா, அதைப் பராமரிக்கும் துறை எது?

மனை வாங்க இருப்பவருக்குப் பட்டா மட்டும் போதாது. பட்டா உரிமையைச் சொல்லும், பள்ளத்தைச் சொல்லாது. கிராமத்தின் ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் இணையத்திலேயே பார்க்கலாம். பக்கத்துச் சர்வே எண்கள் ஏரி, வாய்க்கால், கழுவெளி என்று பதிவாகியிருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு பழைய கிராம வரைபடத்தில் நீலமாக ஓடும் கோடுகளைப் பின்தொடர்ந்து, அவை இன்று எந்தத் தெருவாக, எந்தச் சுவராக இருக்கின்றன என்று நேரில் நடந்து பார்க்க வேண்டும். ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, இதற்கு ஏற்ற நேரம்.